தயிர்க் கிண்ணமும் மாத்திரைப் பெட்டியும்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில், காலை எட்டரை மணிக்குப் பெண்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். கத்தரிக்காய் விலை, நாத்தனார் குணம், பிள்ளையின் பரீட்சை மார்க்கு, முழங்கால் வலிக்குத் தைலம் எல்லாம் கிண்டி வருவதற்குள் அலசிப் பிழிந்து உலர்த்தப்பட்டுவிடும். இந்தப் பாதையில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-இல். இத்தனை காலமாக இதில் இலவசமாக வழங்கப்பட்ட கைவைத்தியங்களை யாராவது எழுதி வைத்திருந்தால், ஒரு பெரிய வைத்திய நூலே நமக்குக் கிடைத்திருக்கும்!

சில வாரங்களுக்கு முன் ஒரு நாள், எனக்கு எதிரே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பத்தைந்து இருக்கலாம். மடியில் காய்கறிப் பை, கையில் செல்போன். பக்கத்தில் ஆபீசுக்குப் போகும் ஓர் இளம் பெண். ரயில் சானடோரியத்தைத் தாண்டுவதற்குள் பேச்சு சர்க்கரை வியாதிக்கு வந்துவிட்டது.

"ஒரு கிண்ணம் தயிர், கண்ணு. அதிலே வெந்தயப் பொடி, வறுத்த சீரகப் பொடி, மஞ்சள், மிளகு, பட்டை, எல்லாம் ஒவ்வொரு சிட்டிகை. ராத்திரி இதைத்தான் சாப்பிடறேன். என் தங்கச்சி போன்லே அனுப்பினா."

"சர்க்கரை இறங்கிடுச்சா, அக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"உடம்பு லேசா இருக்குதே! மாத்திரையை நிறுத்தி இருபது நாள் ஆச்சு."

குரோம்பேட்டையில் கூட்டம் ஏறியது. எனக்கோ நெஞ்சில் 'திக்'கென்றது. "ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தீர்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"எதுக்கும்மா? என் உடம்பு எனக்குச் சொல்லாதா?" என்று சிரித்தார் அந்த அம்மாள்.

வாசகிகளே! இந்த வியாதியில் தொந்தரவே அதுதான். உடம்பு சொல்வதில்லை. பல் வலித்தால் ஊரே கேட்கும்படி சத்தம் போடுகிறோம். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால், கண்ணிலும் சிறுநீரகத்திலும் கால் நரம்பிலும் அது சத்தமில்லாமல் வேலை செய்கிறது. சத்தம் கேட்கும்போது பாதி வீடு கொள்ளை போயிருக்கும்.

"ஒரே ஒரு தடவை பரிசோதனை செய்துவிடுங்கள், அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நான் கிண்டியில் இறங்கிவிட்டேன். ஆனால் அந்தத் தயிர்க் கிண்ணம் என் மனத்தை விட்டு இறங்கவில்லை. அதில் எவ்வளவு மெய், எவ்வளவு பொய்? விசாரித்துத் தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்கிறேன்.

தயிர் நேற்று வந்ததல்ல

நம் தாம்பரம் பக்கத்துக்கும் மோருக்கும் உள்ள உறவு பழையது. இந்தப் பிரதேசமெல்லாம் அந்நாளில் காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டை நாடு. அந்தக் காஞ்சியில் ஆண்ட இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், விடியற்காலையில் தயிர் கடைந்து, மோர்ப் பானையைத் தலையில் சுமந்துபோய் விற்று, அதற்குத் தானியம் வாங்கிவரும் ஓர் இடைக்குலப் பெண் வருகிறாள். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய குடும்பத் தலைவி! இன்று அதே நாட்டில், சேலையூரிலும் மேடவாக்கத்திலும் ஆவின் பாக்கெட்டைக் கத்தரித்துப் பாலைக் காய்ச்சி உறை ஊற்றுகிறோம். கை மாறியிருக்கிறது, காரியம் மாறவில்லை.

உறை ஊற்றினால் நடப்பது என்ன? அந்த ஒரு துளி மோரில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. வெதுவெதுப்பான பாலில் விட்டதும் அவை பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பு அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு ஏறியதும் பாலின் புரதம் திரண்டு கட்டியாகிறது. கத்திரி வெயிலில் நாலைந்து மணி நேரத்தில் முடிகிற இந்தக் காரியம், மார்கழியில் பாத்திரத்தைத் துணி போட்டு மூடினாலும் சோம்பல் படுகிறது. நமக்குக் குளிருகிறபோது அவற்றுக்கும் குளிராதா?

மேல்நாட்டார் இதைக் கண்டு வியந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். பல்கேரியத் தயிரிலுள்ள ஒரு நுண்ணுயிரை 1905-இல் ஸ்டாமன் கிரிகோரோவ் என்ற இளம் வைத்தியர் கண்டுபிடித்தார். 1908-இல் நோபல் பரிசு பெற்ற எலீ மெச்னிகாவ், புளித்த பால் குடித்தால் மூப்பு அண்டாது என்று எழுதினார். தாமும் விடாமல் குடித்துவந்தார். 1916-இல், 71-வது வயதில் காலமானார். அற்பாயுள் அல்ல, ஆனால் சிரஞ்சீவியும் ஆகிவிடவில்லை. தயிரின் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்தவர் நம் ரயில் அம்மாள் மட்டும் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வாரத்துக்கு இரண்டு கப்

அப்படியானால் தயிருக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு பங்கும் கிடையாதா? உண்டு. 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஒரு முடிவை வெளியிட்டது. வாரத்துக்குக் குறைந்தது இரண்டு கப் தயிர் வழக்கமாகச் சாப்பிடுவது, பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவின் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று தயிர் விற்பவர்கள் சொல்லிக்கொள்ளலாம். ஆனால், 'இதற்குச் சான்று குறைவாகவே இருக்கிறது' என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு தயிர்க் கம்பெனி கொடுத்த மனுவின் பேரில் வந்த முடிவு இது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இதில் இரண்டு வார்த்தைகளைக் கவனியுங்கள். ஒன்று, 'அபாயத்தைக் குறைக்கக்கூடும்'. அதாவது, வியாதி வராதவர்களுக்குச் சொன்ன சமாசாரம். வந்தவர்களுக்கு மருந்து என்று சொல்லவில்லை. மற்றொன்று, 'வாரத்துக்கு இரண்டு கப்'. இதைக் கேட்டு நம் வீட்டுப் பாட்டிகள் சிரிப்பார்கள். அது நமக்கு இரண்டு நாள் கணக்கு!

இவ்வளவு தயிர் சாப்பிடும் நாட்டில் நீரிழிவு ஏன் இப்படிப் பெருகிவிட்டது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையம் தேசம் முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்று அது கூறுகிறது.

பரம்பரை, உடல் உழைப்புக் குறைவு, இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்பு என்று காரணங்கள் பல. சமையலறைக் காரணம் ஒன்றும் உண்டு. நாம் தயிரைச் சாப்பிடுவதில்லை, தயிர்சாதத்தைச் சாப்பிடுகிறோம்! 100 கிராம் சாதத்தில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. அது வயிற்றில் சர்க்கரையாகவே மாறுகிறது. 100 கிராம் தயிரிலோ மாவுச்சத்து இல்லை. பாலின் சர்க்கரை நாலைந்து கிராம், புரதம் 3 கிராம், எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து கொஞ்சம். குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை சாதம் போட்டுக்கொண்டு, கடைசியில் 'ஒரு பிடி' என்று சொல்லி மூன்று கரண்டி சாதத்தில் ஒரு கரண்டி தயிரை விட்டுப் பிசைந்தால், கிண்ணத்தின் பெருமை தட்டில் கரைந்து போகிறது.

ஆனால், அந்த ஒரு கரண்டியும் வீண் அல்ல. தயிரின் புரதமும் கொழுப்பும் புளிப்பும் வயிறு காலியாவதைச் சற்றுத் தாமதப்படுத்துகின்றன. தீபாவளிக் கூட்டம் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரே சமயத்தில் முண்டுவதற்கும், ரேஷன் கடை வரிசையில் ஒவ்வொருவராய் உள்ளே போவதற்கும் வித்தியாசம் இல்லையா? சாதத்தின் சர்க்கரை அதேபோல் மெல்ல ரத்தத்துக்குப் போகிறது. கூட்டத்தின் அளவு குறையவில்லை, நெரிசல்தான் குறைகிறது.

பொடிகளின் மகிமை

இனி அந்தப் பொடிகள். முதலில் வெந்தயம். இது வெறும் நம்பிக்கை அல்ல. ஊறினால் வழவழப்பாகும் நார்ச்சத்து அதில் நிறைய இருக்கிறது. அது குடலில் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையத்தில் இதைப் பரிசோதித்தார்கள். 1990-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், இன்சுலின் போட்டுக்கொள்ளும் நோயாளிகளுக்குப் பத்து நாள் வெந்தயம் கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை குறைந்தது. எவ்வளவு வெந்தயம் என்கிறீர்களா? கொழுப்பு நீக்கிய பொடி, நாளைக்கு 100 கிராம்! பகல் சாப்பாட்டில் பாதி, இரவுச் சாப்பாட்டில் பாதி. நம் சிட்டிகை அரைக் கிராம் கூட இராது. யானைக்குச் செய்த வைத்தியத்தைப் பூனையின் கணக்கில் எழுதக் கூடாது அல்லவா?

மஞ்சளின் கதையும் இப்படித்தான். அதன் சாரமான குர்குமின் உடம்பில் சுலபமாகச் சேர்வதில்லை. பெங்களூர் செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் சாரத்தை 20 மில்லிகிராம் சேர்த்தபோது, ரத்தத்தில் அது சேர்வது பல மடங்கு கூடியது. மஞ்சளோடு மிளகு சேர்த்த நம் பாட்டிமாரின் கைக்கு ஒரு நமஸ்காரம்! ஆனால் 2 கிராம் குர்குமின் வேண்டுமென்றால் பல கரண்டி மஞ்சள்தூள் தின்ன வேண்டும்.

பட்டையைப் பற்றி ஆராய்ச்சிகள் ஒருமிக்கச் சொல்லவில்லை. சிலவற்றில் பலன், சிலவற்றில் ஒன்றுமில்லை. மேலும், மளிகைக் கடையில் கிடைக்கும் பட்டை பெரும்பாலும் லவங்கப்பட்டையின் முரட்டு ஒன்றுவிட்ட சகோதரன். அதை நாள்தோறும் கரண்டிக் கணக்கில் சாப்பிட்டால் கல்லீரலுக்குக் கெடுதி நேரக்கூடும். சீரகத்துக்குச் செரிமானத்தில் நல்ல பெயர் உண்டு. சர்க்கரையை இறக்கும் என்று சத்தியம் செய்ய ஆதாரம் போதாது.

அப்படியானால் பொடிகளைக் குப்பையில் கொட்டிவிடலாமா? வேண்டவே வேண்டாம். அவை செய்யும் பெரிய உபகாரம் ஒன்று உண்டு. சர்க்கரை போட்ட லஸ்ஸியும், பழ வாசனையூட்டிய இனிப்புத் தயிரும் கடைகளில் அடுக்கியிருக்கும் காலம் இது. சீரகமும் மிளகும் இஞ்சியும் கறிவேப்பிலையும், இனிப்பு ஒரு துளி இல்லாமலே தயிரை ருசியாக்குகின்றன. உப்பையும் குறைத்துக்கொள்ள முடிகிறது. நாக்கைத் திருப்தி செய்து வயிற்றைக் காப்பாற்றுவது சின்ன வேலையா?

சானடோரியம் சொல்லும் பாடம்

சாப்பாடு எங்கே முடிகிறது, மருந்து எங்கே ஆரம்பிக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேட நான் வெகு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மாள் பேச ஆரம்பித்த ஸ்டேஷனின் பெயரிலேயே பதில் இருக்கிறது.

தாம்பரம் சானடோரியம் 1928-இல் டாக்டர் சௌரி முத்து ஆரம்பித்த காசநோய் விடுதி. 1937-இல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. அந்த நாளில் காசநோயைத் தீர்க்கும் மாத்திரை கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, போஷாக்கான சாப்பாடு, இவையே வைத்தியம். சிலர் தேறினார்கள், பலர் தேறவில்லை.

பிறகு மருந்துகள் வந்தன. 1956-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. ஏழை நோயாளிகளில் ஒரு பாதிப் பேரைச் சானடோரியத்தில் சேர்த்து ஓய்வும் நல்ல உணவும் கொடுத்தார்கள். மற்றப் பாதிப் பேர் தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே, கிடைத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு இருந்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்துகள், ஒரு வருஷம். 1959-இல் முடிவு வெளியானபோது உலகமே வியந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருந்தார்கள். வந்துவிட்ட வியாதியை விரட்டியது மருந்து!

அப்படியானால் உணவுக்கு வேலையே இல்லையா? அதற்கும் பதில் உண்டு. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டு மனிதர்களுக்கு மாதந்தோறும் கூடுதலாக அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-இல் முடிவு வந்தது. அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைந்திருந்தது.

பார்த்தீர்களா? வராமல் காப்பதில் உணவு கெட்டிக்காரி. வந்த பிறகு விரட்டுவதில் மருந்து கெட்டிக்காரர். இருவரும் ஒரே வீட்டில் குடித்தனம் செய்ய வேண்டியவர்கள். ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு மற்றவரை உள்ளே வைத்துக்கொள்ள முடியாது.

நீரிழிவும் இந்தக் கணக்குக்கு விலக்கல்ல. டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் சென்னையில் நடத்தி, 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியைக் கேளுங்கள். நீரிழிவின் வாசற்படியில் நின்றவர்களை ஏறக்குறைய மூன்று வருஷம் கவனித்தார்கள். சாதாரண யோசனை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. தினம் அரை மணி வேகமாக நடந்து, சர்க்கரையையும் கொழுப்பையும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. பதினாறு பேர் தப்பினார்கள். எந்த ஒரு பொடியாலும் அல்ல. தட்டையும் காலையும் மாற்றியதால்.

இதே சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இயங்குகிறது. சித்த வைத்தியத்திலும் மோருக்கு நல்ல மரியாதை உண்டு. பத்தியமாக வரும், மருந்தைக் கலந்து சாப்பிடும் அனுபானமாக வரும். மோரை நீர் விட்டுப் பெருக்கிச் சாப்பிடச் சொன்னவர் தேரையர் என்பார்கள். மருந்தோடு மோர், மருந்துக்குப் பதில் மோர் அல்ல.

நம் வீட்டுக் கிண்ணம்

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். தினசரித் தயிருக்கு ஆவின் நீலப் பாக்கெட் பாலே போதும். அதில் கொழுப்பு 3 சதவீதம். ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6 சதவீதம். விருந்து நாளுக்கு இருக்கட்டும்.

ஒரு கிண்ணம் தயிரில் அரைக் கரண்டி வறுத்த சீரகப் பொடி, இரண்டு சிட்டிகை மிளகுப் பொடி, துருவிய இஞ்சி, கிள்ளிய கறிவேப்பிலை, கொத்துமல்லி, பேருக்கு உப்பு. வெந்தயம் வேண்டுமானால் ஒரு சிறு கரண்டி எடுத்துத் தயிரிலேயே ஊற வைத்தால் கசப்பு அடங்கும். தாளிதத்தைச் சற்று ஆறவிட்டுக் கொட்டுங்கள். கொதிக்கும் எண்ணெய் தயிரைத் திரித்துவிடும். மோர்க்குழம்பில் கொதித்தால் நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். ஆனால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் எங்கும் போய்விடா.

எல்லாவற்றையும் விட முக்கியம், கிண்ணத்தில் காய்கறி சேர வேண்டும். வாழைத்தண்டு, வெள்ளரிக்காய், காரட், சுரைக்காய், நெல்லிக்காய் எதுவானாலும் சரி. நம் பச்சடியே அந்தப் பிரமாதமான 'புது' வைத்தியம்! ஒரு கிண்ணம் பச்சடியை முதலில் சாப்பிட்டுவிட்டு, சாதத்தில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சாதத்தில் கணக்கைத் தலைகீழாக்குங்கள். ஒரு கரண்டி சாதம், இரண்டு கரண்டி தயிர்.

ஓர் எச்சரிக்கை. தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், ஊறுகாய், அப்பளம் என்று அடுக்கினால் உப்பு ஏறிவிடும். எல்லாம் சேர்த்து நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர்களும், வெந்தயத்தைக் கரண்டிக் கணக்கில் சேர்க்கும் முன் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தச் சர்க்கரை 126-ஐத் தொட்டால், தயிரோடு நிறுத்திக்கொள்ளாமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

முக்கால்வாசிக் குடும்பங்களில் நடப்பது உங்களுக்கே தெரியும். கணவரின் மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பவள், மாமியாரின் பரிசோதனைத் தேதியை நினைவு வைத்திருப்பவள், தன் மாத்திரை தீர்ந்து ஒரு வாரமானதை யாரிடமும் சொல்வதில்லை. தயிரில் தூவும் பொடி அவளுக்குச் செலவில்லாத வைத்தியம்; யாரையும் தொந்தரவு செய்யாத வைத்தியம். அதனால்தான் அது அவளுக்கு அவ்வளவு பிடித்துப் போகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன என்பதை அவளிடம் யாராவது சொல்ல வேண்டாமா?

போன வாரம் அதே ரயிலில் அந்த அம்மாளை மறுபடியும் சந்தித்தேன். என்னைக் கண்டதும் பையை நகர்த்தி இடம் கொடுத்தார்.

"நீ கேட்டது மனசிலே உறுத்திக்கிட்டே இருந்ததும்மா. போய் ரத்தம் கொடுத்தேன். வெறும் வயித்திலே இருநூத்தி முப்பது! டாக்டரம்மா நல்லா திட்டினாங்க. மாத்திரையை மறுபடி ஆரம்பிச்சாச்சு."

"தயிர்க் கிண்ணம்?"

"அதை ஏன் விடறது? தயிரை விடாதீங்க, சாதத்தைக் குறைங்கன்னு அவங்களே சொல்லிட்டாங்க. சாயந்திரம் ஏர்போர்ஸ் ரோடு பக்கம் நடக்கவும் போறேன். இந்தா, உனக்கு."

பையிலிருந்து ஒரு சின்ன சீசாவை எடுத்து என் கையில் வைத்தார். வீட்டிலே வறுத்து அரைத்த சீரகமும் மிளகும். அன்றிரவு தயிரில் தூவிச் சாப்பிட்டேன். அபார ருசி! மருந்து என்று நினைக்காமல் சாப்பிட்டதால்தானோ என்னவோ, இன்னும் ஒரு கிண்ணம் கேட்டது.